பிராந்தி பாட்டிலில் மோர்

சின்னப்பன் செத்தது வெயிலால். இதை நிரூபிக்க அவன் பெண்டாட்டி சென்னம்மாவுக்கு நான்கு வருஷமும், கடல் தாண்டி ஒரு கோர்ட்டும், அந்தக் கோர்ட்டில் ஒரு தோல்வியும் தேவைப்பட்டன. அவன் குடித்துச் செத்தான் என்று நிரூபிக்க ஊருக்கு அரை மணி நேரமும் ஒரு காலி பாட்டிலும் போதுமாக இருந்தது.

சித்தூர் ஜில்லாவில் கங்காதர நெல்லூர்ப் பக்கம், ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிற ஊர் அது. சின்னப்பனின் அப்பன் காலம்வரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமென்று ஒரு பிடி மண் கிடையாது. பிறகு சர்க்கார் கொடுத்த இரண்டு ஏக்கர் கல்லாங்காட்டில் சின்னப்பன் மாங்கன்று நட்டான். ஜில்லா முழுக்க ஜூஸ் ஃபேக்டரிகள் முளைத்த காலம் அது. வெளிநாட்டுக்காரன் நம் மாம்பழச் சாற்றை டின்னில் வாங்கிக் குடிக்கப் போகிறான், இனி நமக்கு ஏறுமுகம்தான் என்றார்கள். வெளிநாட்டுக்காரன் சொன்னபடி குடித்தான். காய் விளைவித்தவன் டிராக்டரோடு ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றான். ஒரு நாள் நின்றான், இரண்டு நாள் நின்றான், விளைச்சல் கூடின வருஷம் மூன்று நாள் நின்றான். இந்த வரிசையைப் பார்த்து வெறுத்துத்தான் மகன் கிரண்குமார் குவைத்துக்குப் போய் பெட்ரோல் டேங்கர் லாரி ஓட்டினான்.

அந்த ஜூன் மாதத்து வியாழக்கிழமை காலையில் சின்னப்பன் கிளம்ப மனமில்லாமல் வாசலில் நின்றான்.

"வெயிலு ஒரு மாதிரியா கீதுடி. நாளைக்கிப் போறன்."

"நாளைக்கின்னா காயெல்லாம் பழுத்துப் பூடும். ஃபேக்டரிக்காரன் பாதியைக் கழிச்சிடுவான். போய் வரிசையில நில்லு மாமா" என்றாள் சென்னம்மா.

சொல்லிவிட்டு, உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டு மோர் கரைத்தாள். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினால் வெயிலில் மோர் பொங்கி நாறிவிடும். கண்ணாடிதான் தாங்கும். அந்த வீட்டிலிருந்த கண்ணாடி பாட்டில் ஒன்றே ஒன்று, போன பண்டிகையில் காலியான பிராந்தி ஃபுல் பாட்டில், பழுப்புக் கண்ணாடி. கழுவி, மோரை ஊற்றி, ஈரத் துணி சுற்றிக் கொடுத்தனுப்பினாள். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் எண்ணெயும் மண்ணெண்ணெயும் மோரும் இப்படித்தான் குடியிருக்கின்றன. யாரும் தப்பாக நினைப்பதில்லை, பக்கத்தில் பிணம் கிடக்காதவரைக்கும்.

பூதலப்பட்டுத் தாண்டி அந்த ஃபேக்டரி வாசலில் அன்றைக்கு நூறு டிராக்டருக்கு மேல் நின்றன. நிழலென்று பார்த்தால் டிராக்டருக்கு அடியில் இருந்ததுதான். மத்தியானம் மூன்று மணிக்குச் சின்னப்பன் அந்த நிழலில் படுத்தான். நாலு மணிக்கு வரிசை நகர்ந்தது, அவன் நகரவில்லை. பக்கத்தில் காலி பாட்டில் உருண்டு கிடந்தது. உள்ளே மிச்சமிருந்த சொட்டு மோர் புளித்துப் போயிருந்தது, அந்த வாடையும் கிட்டத்தட்ட சாராய வாடைதான். ஃபேக்டரி சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியேகூட வராமல், "தாகி படிப்போயாடு சார்" என்று போலீசுக்குச் சொன்னான், குடித்துவிட்டு விழுந்தான் என்று. பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்கிற ஊர். பிராந்தி பாட்டிலில் மோர் குடித்தவனை வேறென்ன சொல்லும்?

சின்னப்பன் வாழ்நாளில் தொடாதவன் என்று சொல்லி அவனைச் சாமியாக்க எனக்கு உத்தேசமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு குவார்ட்டர் உண்டு. பண்டிகைக்கு ஒரு ஃபுல் உண்டு. ஆனால் அது வியாழக்கிழமை. காய் ஏற்றிய வண்டியை விட்டு அவன் குடிக்கப் போனதில்லை, இது ஊருக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். சென்னம்மா டாக்டரின் காலில் விழுந்தாள். "முழுசா கொடுங்க சாமி, அறுக்காதீங்க" என்று அழுதாள். அப்படியானால் சாவில் சந்தேகமில்லை என்று எழுதிக் கொடு என்றார்கள். தெலுங்கில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளில் கைநாட்டு வைத்தாள். புருஷன் முழு உடம்பாக வீட்டுக்கு வந்தான். அந்தத் தாளில் 'மதுபோதையில்' என்றொரு வார்த்தை இருந்தது அவளுக்குத் தெரிந்தது காரியமெல்லாம் முடிந்த பிறகு, பேங்குக்காக யாரோ படித்துச் சொன்னபோது. குடித்துச் செத்தவன் என்று தன் புருஷனுக்கு அவளே கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறாள். பாட்டில் கொடுத்த கையும் அதே கைதான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கராந்தி வந்தது. பெரியவர்களுக்குப் படைக்கிற பண்டிகை. செத்தவர்களுக்கு எதெது பிடிக்குமோ அதையெல்லாம் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். கறி, வடை, பீடி, வெற்றிலை, எதற்கும் தடையில்லை. சின்னப்பனின் தம்பி கங்கையா நல்ல மனசோடுதான் ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கி வந்தான்.

"அண்ணனுக்குப் பிடிச்சது, அண்ணி."

சென்னம்மா அதை வாங்கி, மூடியைத் திருகி, வாசலில் கவிழ்த்தாள். "இதைக் குடிச்சுத்தான் செத்தான்னு ஊரு சொல்லுது. நீ இத எடுத்தாந்து படத்துக்கு முன்னால வச்சி ஆமான்னு சொல்றியா?"

கங்கையா அடுத்த வருஷமும் கொண்டுவந்தான், அதுவும் வாசலில் போயிற்று. அதற்கடுத்த வருஷத்திலிருந்து அவன் குடும்பம் படையலுக்கு வருவதில்லை. சின்னப்பன் தனியாக வடை தின்றான்.

இதற்கிடையில் சென்னம்மா திங்கட்கிழமைதோறும் சித்தூருக்கு பஸ் ஏறி மனு கொடுக்கும் வரிசையில் நின்றாள். நஷ்டஈடு வேண்டாம், வீடு வேண்டாம், அந்த ஒரு வார்த்தையை அடித்துக் கொடுங்கள் என்பதே மனு. பணம் கேட்டால் எந்த மேஜைக்கு அனுப்புவது என்று எல்லோருக்கும் தெரியும். வார்த்தையை அடிக்க எந்த மேஜையும் இல்லை. புருஷனுக்கு ஒரு வரிசை, பெண்டாட்டிக்கு ஒரு வரிசை என்று தலையில் எழுதியிருந்தது போலும். அந்த வரிசையில்தான் ஹரிதா அவளைப் பார்த்தாள்.

ஹரிதா, நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் வேதாச்சலத்தின் மகள், திருப்பதியில் வக்கீல். வெயிலால் செத்தவர்களின் குடும்பம் எங்கே கிடைக்கும் என்று ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். தேடி என்ன பயன்? நம் பக்கத்தில் யாரும் வெயிலால் சாவதில்லை. மாரடைப்பு, வயசு, குடி, விதி. வெயிலால்தான் செத்தான் என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டு ஒரு பெண் எதிரே நின்றதும், கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் ஆயிற்று அவளுக்கு.

விஷயத்தை விளக்க ஹரிதாவுக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. வடக்கே குளிர் தேசத்தில் ஒரு எண்ணெய்க் கம்பெனி இருக்கிறது. பெயர் நம் வாயில் நுழையாது. கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். நூறு வருஷமாக அது தோண்டி விற்ற எண்ணெயின் புகையால் பூமி சூடேறியிருக்கிறது. எவ்வளவு சூட்டுக்கு அது காரணம் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அந்த தேசத்துக் கோர்ட்டில் அந்தக் கம்பெனி மேல் கேஸ் போடலாம்.

"அந்தக் கம்பெனிக்கு எவ்ளோ பங்கு?"

"கால் பர்சென்ட் அம்மா."

சென்னம்மா விரல் விட்டு எண்ணினாள். "கால் அவங்கன்னா, மீதி தொண்ணூத்தொன்பதே முக்கால் யாரு?"

"மத்த கம்பெனிங்க, மத்த தேசங்க, நாமளும் கொஞ்சம்…"

"அந்தக் கம்ப்யூட்டர்ல என் பேரைப் போட்டா எவ்ளோ வரும்?" என்று கேட்டாள் சென்னம்மா. "நாந்தான் அவரைப் போகச் சொன்னன். நாளைக்கிப் போறன்னாரு. நாந்தான் தொரத்துனன்."

"அது கம்பெனிங்களுக்கு மட்டும் போடற கணக்கும்மா" என்று சொல்லிவிட்டு, ஹரிதா கண்ணைத் துடைத்துக்கொள்ள வெளியே போனாள்.

குவைத்திலிருந்த கிரண்குமாருக்கு இந்தச் சேதி வீடியோ காலில் போனபோது முதலில் வேர்த்துவிட்டது. "எந்தக் கம்பெனிம்மா? இரு, நான் ஓட்ற வண்டி மேல இன்னா எழுதிக்கீதுன்னு பாத்துட்டு வரேன்" என்று ஓடினான். திரும்பி வந்தபோது முகத்தில் தெளிவு இருந்தது. "இது வேற கம்பெனிம்மா. தைரியமா போடு. நைனாவுக்காக நான் சாட்சி சொல்றன்." மீதி தொண்ணூற்றொன்பதே முக்காலில் தன் வண்டி எங்கே நிற்கிறது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாசாமாசம் வந்த அந்தச் சம்பளத்தில்தான் போர்வெல் போட்டது.

கேசுக்கு முன் அந்த தேசத்துப் பெரிய வக்கீல் நேரிலேயே வந்தார். ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் இறங்கி, காரில் ஊர் வந்து சேருமுன் அவர் சட்டை நனைந்து தொப்பலாகிவிட்டது. ஆறரை அடி உயர மனிதர் குனிந்து உள்ளே வந்து நார்க்கட்டிலில் உட்கார்ந்ததும், பேசவேண்டியதை ஹரிதா வழியாகப் பேசினார். வெயில் அளவு இருக்கிறது, வரிசையில் நின்றவர்களின் சாட்சி இருக்கிறது, டாக்டர் அபிப்பிராயம் இருக்கிறது. ஒன்றே ஒன்று. அந்த பாட்டிலைப் பற்றி மட்டும் மனுவில் எழுதவேண்டாம். நாமாக எதிராளிக்குக் கத்தி எடுத்துக் கொடுக்கக்கூடாது.

ஹரிதா மொழிபெயர்த்து முடித்தாள். சென்னம்மா எழுந்து உள்ளே போனாள். பழுப்பு நிற பிராந்தி ஃபுல் பாட்டில் ஒன்றும் டம்ளருமாகத் திரும்பி வந்து, வக்கீல் முன்னால் வைத்தாள்.

பெரியவர் இரண்டு கையையும் உயர்த்தி, முகத்தில் மரியாதையான சிரிப்போடு, இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

ஹரிதா தயங்கினாள். "காலையில குடிக்கிற பழக்கம் இல்லையாம்."

சென்னம்மா பாட்டிலைச் சாய்த்தாள். டம்ளரில் வெள்ளை வெளேரென்று மோர் விழுந்தது, இரண்டு கறிவேப்பிலையும் கூடவே. வக்கீல் டம்ளரைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், கழுத்துவரை சிவந்துபோனார்.

"கேளு ஹரிதாம்மா" என்றாள் சென்னம்மா. "இவ்ளோ படிச்ச மனுசன், எனக்காகக் கடல் தாண்டி வந்த மனுசன், பாட்டிலப் பாத்ததும் இவருக்கே அப்படித்தான தோணிச்சி? எழுதாம வுட்டா மறைச்சதாதான ஆவும்? பாட்டிலு என்னுது, மோரு என்னுது, ரொப்பிக் குடுத்தது நான். அத்த எழுதலன்னா நான் கைநாட்டு வைக்கமாட்டன். ஒருதடவ படிக்காம வச்சதே போதும்."

பெரியவர் மோரைக் குடித்தார். வெயில் ஏறிப்போயிருந்த மனிதர், இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தார். மனுவில் பாட்டில் ஏறிற்று.

பயந்தபடியே ஆயிற்று. கம்பெனியின் முதல் பதிலில், இறந்தவர் அருகே மது பாட்டில் இருந்தது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஃபேக்டரி சூப்பர்வைசரும் கடல் கடந்த கம்பெனி வக்கீலும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் ஒரே பேச்சு. சில மாதம் கழித்து கம்பெனி இறங்கி வந்து ஒரு சமாதானம் சொல்லி அனுப்பியது. கேசை வாபஸ் வாங்கினால், அந்த ஃபேக்டரி ரோட்டில் தன் பெயர் போட்ட நிழற்கூரை ஒன்றும் குடிதண்ணீர்த் தொட்டி ஒன்றும் கட்டித் தருமாம். சென்னம்மாவுக்கும் ஒரு தொகை.

"அவரு குடிச்சு சாவலன்னு எழுதித் தருவாங்களா?"

"எதையும் ஒத்துக்கமாட்டாங்களாம் அம்மா. சும்மா ஒரு நல்லெண்ணம்."

"அப்ப வேணாம்."

"நிழல் வருமேம்மா" என்றாள் ஹரிதா. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

சென்னம்மா அதை யோசித்துப் பார்த்தாள். நிழல் நல்ல விஷயம். நாளைக்கு எவனோ ஒருத்தன் அதில் பிழைப்பான். ஆனால் எவன் எவனோ பிழைக்கத் தன் புருஷன் காலத்துக்கும் குடிகாரனாகவே கிடக்கவேண்டுமா? இரண்டு நாள் கழித்து, மறுபடியும் வேண்டாம் என்றாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது.

பிறகு கம்பெனி வக்கீல்கள் வேறு யோசனை செய்தார்கள். பாட்டில், மோர் என்று வழக்காடினால் சாட்சி விசாரிக்கவேண்டி வரும். ஜட்ஜும் டாக்டர்களும் ஜூன் மாதத்தில் சித்தூர் ஜில்லாவுக்குக் கிளம்பி வருவார்கள். அந்த ஃபேக்டரி வாசலில் நின்று பார்ப்பார்கள். யாராவது ஒரு ஜட்ஜ் மயங்கி விழுந்தால் கேஸ் என்னாவது? ஆகவே கம்பெனி சொன்னது: அந்த அம்மாள் சொல்வதெல்லாம் உண்மை என்றே ஒப்புக்கொள்கிறோம். மனிதர் குடிக்கவில்லை. வெயிலால்தான் செத்தார். ஆனாலும் எங்கள் பங்கு கால் பர்சென்ட். கால் பர்சென்ட்டுக்கு யாரும் கொலைகாரர் ஆகமாட்டார்கள்.

கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. நான்காவது வருஷம் ஜூனில் தீர்ப்பு வந்தது.

ஹரிதா போனில் அழுதாள். "தோத்துட்டோம் அம்மா. தள்ளுபடி பண்ணிட்டாங்க. பெரிய வக்கீல் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாரு."

"அழுவாத. பாட்டிலப் பத்தி இன்னா எழுதிக்கீறாங்க?"

"இன்னா?"

"பாட்டிலு ஹரிதாம்மா, பாட்டிலு. அத்தப் படி."

ஹரிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள். பதினோராம் பக்கத்தில் இருந்தது. நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்: "இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மைகள். சின்னப்பன், வயது ஐம்பத்து நான்கு, விவசாயி. மது அருந்தியிருக்கவில்லை. வெப்பத்துக்குத் தகுந்த முன்னெச்சரிக்கையாக அவருடைய மனைவி கண்ணாடி பாட்டிலில் கொடுத்தனுப்பிய மோரை அருந்தினார். கடும் வெயிலின் காரணமாக இறந்தார்."

"அம்மா? லைன்ல கீறீங்களா?" என்றாள் ஹரிதா.

"இன்னா எச்சரிக்கை?"

"முன்னெச்சரிக்கை. அதாவது… வெயிலு தாக்கக்கூடாதுன்னு நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சி அனுப்புனீங்கன்னு."

"அத்த இன்னொருதடவ படி" என்றாள் சென்னம்மா. மூன்று தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை முடிந்ததும் தொண்டை கிழிய அழுதாள். நான்கு வருஷத்து அழுகை அது.

மறுநாள் திருப்பதிக்குப் போய், அந்தப் பதினோராம் பக்கத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி வாங்கி, நோட்டரி முத்திரை குத்தி, லேமினேஷன் போட்டாள். தோற்ற தீர்ப்புக்கு லேமினேஷன் போட்ட கட்சிக்காரி இந்த உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஹரிதாவுக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கூடவே ஃபேக்டரி வாசலுக்குப் போனாள்.

வரிசை அப்படியேதான் இருந்தது. டிராக்டரும் அப்படியே, வெயிலும் அப்படியே, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். ஹரிதா டிராக்டர் டிராக்டராக நின்று படித்தாள். வரிசையில் நிற்பவனைப்போல் நல்ல சபை எங்கும் கிடைக்காது. அவனால் எழுந்து போக முடியாது.

"அப்ப கேசு கெலிச்சிட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

"தோத்துட்டோம்" என்றாள் சென்னம்மா, நிமிர்ந்து.

சூப்பர்வைசர் கேட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். தெலுங்குத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இதி இக்கட செல்லது அம்மா. வேற தேசத்துக் கோர்ட்டு" என்றான்.

"செல்லாட்டி போவுது. காதுல வுழுந்திச்சி இல்ல?"

அவன் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் பழைய தாளில் 'மதுபோதையில்' என்ற வார்த்தை இன்றைக்கும் அடிக்கப்படாமல்தான் இருக்கிறது. நிழற்கூரையும் வரவில்லை.

அந்த வருஷம் சங்கராந்திக்குச் சென்னம்மா தானே போய் கங்கையா குடும்பத்தை அழைத்து வந்தாள். கங்கையா பழைய ஞாபகத்தில் பயந்து, வெறும் வெற்றிலை பாக்கோடு வந்து ஓரமாக நின்றான். படத்துக்கு முன்னால் கறி, வடை, பீடிக்கட்டு எல்லாம் இருந்தன. லேமினேஷன் தாள் படத்துக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சென்னம்மா பழுப்பு பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் மோர் ஊற்றி வைத்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு குவார்ட்டர் பிராந்தி இருந்தது. சித்தூரில் ஆம்பிளைகளோடு வரிசையில் நின்று அவளே வாங்கியது.

கங்கையாவுக்குக் கண்ணை நம்பமுடியவில்லை. "அண்ணி… நீயா?"

"அன்னைக்கி அவரு குடிக்கல" என்றாள் சென்னம்மா. "எழுதிக் குடுத்துட்டாங்க."

மூடியைத் திருகி, மோருக்குப் பக்கத்தில் இன்னொரு டம்ளரில் முழுசாக ஊற்றினாள்.

"பண்டிகை மாமா, இன்னைக்கிக் குடி."